ஐ.நா. டிஜிட்டல் நூலகம்: காசா போர்நிறுத்த வாக்குகளில் இந்தியா நின்ற இடங்களைத் தேட உதவும் சேவை

ஒரு போர் நடக்கும்போது எல்லா அரசுகளும் கவலை தெரிவிக்கின்றன. அமைதி திரும்ப வேண்டும், பொதுமக்கள் காக்கப்பட வேண்டும் என்ற வாசகங்களை ஏறக்குறைய எல்லா வெளியுறவு அமைச்சகங்களின் அறிக்கைகளிலும் காணலாம். ஆனால் போரை நிறுத்தக் கோரும் ஒரு தீர்மானம் வாக்குக்கு வந்துவிட்டால், ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிப்பைத் தவிர்த்தல் என்ற மூன்றில் ஒன்றை, வாக்கில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு அரசும் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வு நாட்டின் பெயரோடு பதிவாகி, ஆண்டுகள் கழிந்தாலும் அப்படியே இருக்கும். அந்தப் பதிவை எவரும் கட்டணமின்றிப் பார்க்க வழி செய்வது ஐ.நா. டிஜிட்டல் நூலகம். நியூயார்க்கில் உள்ள டாக் ஹமர்ஷோல்ட் நூலகமும் ஜெனிவாவில் உள்ள ஐ.நா. நூலகமும் சேர்ந்து நடத்தும் இந்த இணையச் சேவையை, காசா போர்நிறுத்தம் குறித்து இந்தியா அளித்த வாக்குகளைத் தேடிப் படிப்பதற்காக நான் பயன்படுத்தினேன். இந்த மதிப்புரை அந்தப் பயன்பாட்டை ஒட்டியே எழுதப்பட்டது.

இந்தச் சேவையில் தீர்மானங்கள், வரைவுகள், அறிக்கைகள், கடிதங்கள், கூட்டப் பதிவுகள் எனப் பெருந்தொகையான ஆவணங்கள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது வாக்குத் தரவு என்ற பிரிவு. பொதுச் சபையிலும் பாதுகாப்பு அவையிலும் நிறைவேறிய தீர்மானங்களுக்கான வாக்கு விவரங்களை அந்தப் பிரிவில் பார்க்கலாம். ஒரு தீர்மானத்தின் பக்கத்தைத் திறந்தால், மேலே தலைப்பும் தீர்மான எண்ணும் வாக்கெடுப்பு நாளும், அதன்கீழ் ஆதரவு, எதிர்ப்பு, தவிர்ப்பு, வாக்களிக்காதவர் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கையும் இருக்கும். அதற்கும் கீழே உறுப்பு நாடுகள் ஆங்கில அகர வரிசையில், ஒரு வரிக்கு ஒரு நாடாக, முன்னால் ஒய் (ஆதரவு), என் (எதிர்ப்பு), ஏ (தவிர்ப்பு) என்ற எழுத்துகளில் ஒன்றுடன் நிற்கும். அவைக்கு வந்து வாக்களிப்பைத் தவிர்த்த நாட்டுக்கு ஏ என்ற எழுத்து இருக்கும். வாக்கில் கலந்துகொள்ளாத நாட்டின் முன்னால் எழுத்தே இருக்காது. நம் நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் இவ்விரண்டையும் அடிக்கடி ஒன்றாக்கிவிடுகின்றன என்பதால், இந்த வேறுபாட்டை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது 2023 அக்டோபர் 27 அன்று நடந்த வாக்கெடுப்பு. ஜோர்டான் முன்வைத்த அந்தத் தீர்மானம், மனிதாபிமான அடிப்படையில் உடனடியான, நீடித்த சண்டை நிறுத்தத்தையும் அதன் வழியே பகைமை முடிவுக்கு வருவதையும் கோரியது. அதன் எண் ஈ.எஸ்.-10/21. இந்த எண்ணில் உள்ள ஈ.எஸ்.-10 என்பது, 1997-இல் முதன்முறை கூட்டப்பட்டுப் பின்னர் மீண்டும் மீண்டும் தொடரப்பட்டு வரும் பத்தாவது அவசரச் சிறப்புக் கூட்டத்தொடரைக் குறிக்கிறது. முடிவு முதலில் 120 ஆதரவு, 14 எதிர்ப்பு, 45 தவிர்ப்பு என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் ஈராக் தன் வாக்கைத் திருத்திக்கொண்டதால் 121, 14, 44 என்று மாறியது. பழைய செய்திகளில் இரண்டு கணக்குகளும் கிடைப்பதற்கு இதுவே காரணம். எண்கள் முரண்படுவதைக் கண்டு எது பொய் என்று குழம்புபவர்கள் கூட்டப் பதிவைத் திறந்து பார்க்கலாம். தாங்கள் வேறு விதமாக வாக்களிக்கவே எண்ணியிருந்ததாக வாக்கெடுப்புக்குப் பின் தெரிவித்த நாடுகளைப் பற்றிய குறிப்பை அடைப்புக்குறிக்குள் தருவது அந்தப் பதிவுகளின் நெடுநாள் வழக்கம்.

அன்றைய பட்டியலில் ஹங்கேரியில் தொடங்கி இஸ்ரேல் வரை வரும் வரிகளைப் பார்ப்போம். ஹங்கேரி எதிர்ப்பு, ஐஸ்லாந்து தவிர்ப்பு, இந்தியா தவிர்ப்பு, இந்தோனேசியா ஆதரவு, ஈரான் ஆதரவு, அடுத்து வாக்கைத் திருத்திக்கொண்ட ஈராக், பின்னர் அயர்லாந்து ஆதரவு, இஸ்ரேல் எதிர்ப்பு. ஆறு வாரங்கள் கழித்து, டிசம்பர் 12 அன்று நிறைவேறிய ஈ.எஸ்.-10/22 தீர்மானத்தின் பக்கத்தில் இதே வரிகளைப் பார்த்தால், ஹங்கேரி எதிர்ப்பிலிருந்து தவிர்ப்புக்கும், ஐஸ்லாந்தும் இந்தியாவும் தவிர்ப்பிலிருந்து ஆதரவுக்கும் நகர்ந்திருக்கின்றன. அடுத்தடுத்த வரிகளில் இருக்கும் மூன்று நாடுகள் ஒரே திசையில் நகர்ந்ததைப் பார்க்கும்போது, அந்த ஆறு வாரங்களில் காசாவில் நடந்தவை உலகத் தலைநகரங்களை எந்த அளவுக்கு அசைத்திருந்தன என்பது புரிகிறது. மொத்த எண்ணிக்கையும் 153 ஆதரவு, 10 எதிர்ப்பு, 23 தவிர்ப்பு என்று ஆகியிருந்தது.

வாக்குத் தரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்தியாவின் நிலைப்பாடு புரிந்துவிட்டது என்று எவரும் நினைக்கக் கூடாது என்பதை இந்த இடத்தில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சேவையின் உண்மையான பயன், அந்தப் பக்கத்திலிருந்து கூட்டப் பதிவுக்குச் செல்லும் இணைப்பில்தான் இருக்கிறது. கூட்டப் பதிவில் ஒவ்வொரு பிரதிநிதியின் பேச்சும் சொல்லுக்குச் சொல் பதியப்பட்டிருக்கும். அக்டோபர் கூட்டத்தில் இந்தியாவின் துணை நிரந்தரப் பிரதிநிதி யோஜ்னா படேல் வாக்கு விளக்கம் அளித்தார். அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்கள் அதிர்ச்சி தருபவை, கண்டிக்கத்தக்கவை என்றும், பயங்கரவாதத்தை எந்த வகையிலும் பொறுத்துக்கொள்ளாத அணுகுமுறை வேண்டும் என்றும் அவர் பேசினார். தீர்மான வாசகத்தில் அந்தத் தாக்குதலைக் கண்டிக்கும் வரி இல்லை. அதைச் சேர்க்கக் கனடா கொண்டுவந்த திருத்தத்துக்கு 88 நாடுகள் ஆதரவாகவும் 55 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. 23 நாடுகள் தவிர்த்தன. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கிடைக்காததால் திருத்தம் தோற்றது. அந்தத் திருத்தத்தை இந்தியா ஆதரித்தது.

இந்த விவரம் வாக்குத் தரவுப் பிரிவில் கிடைக்காது. நிறைவேறிய தீர்மானங்களுக்கு மட்டுமே அங்கே பக்கம் உண்டு. தோற்ற திருத்தங்களுக்குத் தனிப் பக்கம் கிடையாது. இது இந்தச் சேவையின் பெரிய குறை என்றே கருதுகிறேன். அரசு ஒன்று எதை வேண்டியது, எது கிடைக்காததால் ஒதுங்கியது என்பதை அறிய, தோற்ற திருத்தமும் நிறைவேறிய தீர்மானமும் சேர்ந்தே கண்ணில் பட வேண்டும். அக்டோபரில் இந்தியாவின் வரியில் உள்ள ஏ என்ற எழுத்தை மட்டும் பார்ப்பவர் அதை அலட்சியம் என்று படிக்கக்கூடும். திருத்தத்துக்கான வாக்கையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அதன் பின்னால் ஒரு நிபந்தனை இருந்தது தெரியவரும். அந்த நிபந்தனை சரியா தவறா என்பது வேறு விவாதம்.

அதே நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டு டிசம்பர் கூட்டத்தின் பதிவைப் படிக்க வேண்டும். எகிப்து முன்வைத்த ஈ.எஸ்.-10/22 மிகச் சிறிய தீர்மானம். உடனடியான மனிதாபிமானப் போர்நிறுத்தம், பொதுமக்களைக் காக்கும் சர்வதேசச் சட்டக் கடமைகள், பிணைக்கைதிகள் அனைவரையும் நிபந்தனையின்றி விடுவித்தல், உதவிப் பொருள்கள் சென்று சேர வழி ஆகியவற்றையே அது கோரியது. அக்டோபர் 7 தாக்குதலை நடத்திய ஹமாஸின் பெயரோ அந்தத் தாக்குதலுக்கான கண்டனமோ அதிலும் இல்லை. அவற்றைச் சேர்க்க அமெரிக்காவும் ஆஸ்திரியாவும் தனித்தனியே கொண்டுவந்த திருத்தங்கள் தேவையான பெரும்பான்மை பெறாமல் தோற்றன. ஆயினும் இந்தியா தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தது. நிரந்தரப் பிரதிநிதி ருச்சிரா கம்போஜ் அப்போது பேசுகையில், அக்டோபர் 7 பயங்கரவாதத் தாக்குதலையும் பிணைக்கைதிகள் பற்றிய கவலையையும், காசாவின் மனிதாபிமான நெருக்கடியையும், சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தையும், இஸ்ரேலும் பாலஸ்தீனமும் தனித்தனி நாடுகளாக இருக்கும் இரு நாடுகள் தீர்வையும் ஒருசேரக் குறிப்பிட்டு, உலக நாடுகள் ஒரு பொதுத்தளத்தைக் கண்டிருப்பதை வரவேற்றார். இரண்டு கூட்டங்களின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், அக்டோபரில் தடையாக இருந்த குறை டிசம்பரிலும் நீங்கவில்லை என்பதும், நடுவில் இந்தியாவின் மதிப்பீடு மாறியிருக்கிறது என்பதும் தெளிவாகின்றன. அது நல்ல மாற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது மாற்றம் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லவில்லை.

தேடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அக்டோபர் தீர்மானம், டிசம்பர் தீர்மானம், பின்னர் 2025 ஜூனில் வந்த தீர்மானம் ஆகிய மூன்றின் தலைப்பும் ஒன்றே: பொதுமக்களைப் பாதுகாப்பதும் சட்ட, மனிதாபிமானக் கடமைகளை நிலைநிறுத்துவதும் என்ற பொருளில் அது அமைந்திருக்கிறது. தலைப்பை மட்டும் இட்டுத் தேடினால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் திறந்து, தவறான வாக்கை மேற்கோள் காட்ட நேரலாம். தீர்மான எண்ணையோ வாக்கெடுப்பு நாளையோ கொண்டு தேடுவதே பாதுகாப்பானது.

2024 டிசம்பர் 11 அன்று பொதுச் சபை மேலும் ஒரு படி சென்று, உடனடியான, நிபந்தனையற்ற, நிரந்தரமான போர்நிறுத்தத்தைக் கோரியது. 158 நாடுகள் ஆதரித்தன, 9 எதிர்த்தன, 13 தவிர்த்தன. இந்தியா ஆதரித்தது. முதல் இரண்டு வாக்கெடுப்புகளிலும் ஒதுங்கியிருந்த பிரிட்டனும் ஜெர்மனியும் இம்முறை ஆதரவாக வாக்களித்தன. நான்காவது வாக்கெடுப்பு 2025 ஜூன் 12 அன்று நடந்தது. ஸ்பெயின் முன்வைத்த தீர்மானம் அதே உடனடியான, நிபந்தனையற்ற, நிரந்தரமான போர்நிறுத்தத்தைக் கோரியது. 149 நாடுகள் ஆதரித்தன, 12 எதிர்த்தன, 19 தவிர்த்தன. பிரிட்டனும் ஜெர்மனியும் ஆதரவில் நீடிக்க, இந்தியா தவிர்த்தவர்கள் பட்டியலுக்குத் திரும்பியிருந்தது.

இந்த நான்காவது பக்கத்தைத் திறந்தபோதுதான் இந்தச் சேவை எவ்வளவு அவசியமானது என்பதை முழுமையாக உணர்ந்தேன். ஜூன் 12 என்பது ஏர் இந்தியா விமானம் ஆமதாபாத்தில் விழுந்து நொறுங்கிய நாள். நாடே அந்தத் துயரத்தில் இருந்தது. மறுநாள் காலை இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. நியூயார்க்கில் அன்று இந்தியா அளித்த வாக்கு பெரும்பாலான வாசகர்களின் கண்ணில் பட வாய்ப்பே இல்லை. பின்னர் எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பியபோதுதான் பலருக்கும் அது தெரியவந்தது. செய்தி தவறிப்போன நாளிலும் வாக்கு பதிவில் இருக்கிறது. வேண்டியவர் வேண்டிய நாளில் போய்ப் பார்க்கலாம்.

அன்று நிரந்தரப் பிரதிநிதி பி. ஹரீஷ் அளித்த விளக்கத்தில், மோசமாகி வரும் மனிதாபிமான நிலை குறித்த ஆழ்ந்த கவலையும் பொதுமக்களின் உயிரிழப்புக்கான கண்டனமும் இருந்தன. பேச்சுவார்த்தையும் ராஜதந்திரமும் தவிர மோதல்களைத் தீர்க்க வேறு வழியில்லை, இரு தரப்பையும் நெருங்கிவரச் செய்வதற்கே கூட்டு முயற்சி தேவை, ஆகவே வாக்களிப்பைத் தவிர்க்கிறோம் என்பது அதன் சாரம். நியாயமாகப் பார்த்தால், ஜூன் தீர்மானம் முந்தையதை விடக் கடுமையானது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டினியைப் போர் ஆயுதமாகப் பயன்படுத்துவதை அது கண்டித்தது; முற்றுகையை நீக்கக் கோரியது; பொறுப்பேற்கச் செய்வதையும் வலியுறுத்தியது. இந்த வரிகளில் எதற்கேனும் உடன்பாடு இல்லாததால் இந்தியா ஒதுங்கியிருக்கலாம். ஆனால் எந்த வரியில் உடன்பாடு இல்லை என்று அந்த விளக்கம் சொல்லவில்லை. பேச்சுவார்த்தையே வழி என்ற கொள்கை ஆறு மாதங்களுக்கு முன்பும் இந்தியாவின் கொள்கைதான்; அப்போது அது ஆதரவு வாக்குக்குத் தடையாக இருக்கவில்லை. நிபந்தனையற்ற, நிரந்தரமான போர்நிறுத்தம் என்ற ஒரே கோரிக்கையை 2024 டிசம்பரில் ஆதரித்த நாடு ஜூனில் ஏன் ஆதரிக்கவில்லை என்ற கேள்விக்கு, நான் படித்த பதிவுகளில் விடை இல்லை. காசாவில் குழந்தைகள் பசியால் வாடிக்கொண்டிருந்த வேளையில் அந்த விடையை நாட்டு மக்களுக்குச் சொல்லும் கடமை அரசுக்கு இருந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தச் சேவை வேறொரு வகையிலும் பயன்பட்டது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், மோதல் தொடங்கியதிலிருந்து பாலஸ்தீனம் தொடர்பாக ஐ.நா.வில் 13 தீர்மானங்கள் வாக்குக்கு வந்ததாகவும், அவற்றில் 10-ஐ இந்தியா ஆதரித்து 3-இல் வாக்களிப்பைத் தவிர்த்ததாகவும் கூறினார். கேட்பதற்கு நிறைவளிக்கும் கணக்கு அது. ஆனால் பாலஸ்தீனம் தொடர்பான தீர்மானங்களில் பல ஆண்டுதோறும் பழைய வாசகத்தோடு வருபவை. இஸ்ரேலியக் குடியேற்றங்கள் பற்றியும் பாலஸ்தீன அகதிகளுக்கான உதவி பற்றியும் இந்தியா நெடுங்காலமாக ஆதரவளித்து வருபவை. போரை நிறுத்து என்று கேட்ட தீர்மானங்களை மட்டும் பிரித்தெடுத்தால் கணக்கு வேறாகிறது: மேலே சொன்ன நான்கில் இரண்டு ஆதரவு, இரண்டு தவிர்ப்பு. சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரையை ஒட்டி, பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பை 12 மாதங்களுக்குள் முடிக்கக் கோரிய 2024 செப்டம்பர் 18 தீர்மானத்திலும் இந்தியா தவிர்த்தது. 124 நாடுகள் ஆதரித்த தீர்மானம் அது. இப்படிப் பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண வாசகருக்குத் தேவைப்படுவது கொஞ்சம் பொறுமையும் இந்தத் தளமும் மட்டுமே.

1988-இலேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்து, 1992-இல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்ட நாடு இந்தியா. இரு பக்கமும் உறவு வைத்திருக்கும் அரசுக்கு ஒவ்வொரு வாக்கும் எளிதாக இருக்காது என்பதை மறுக்கவில்லை. எனினும் வாக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்கான காரணம் முந்தைய வாக்கோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மாற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகர்களில் பலர் இதைப் படிக்கும்போது இலங்கையை நினைப்பார்கள் என்பதால் ஒரு குறிப்பு. ஜெனிவாவில் உள்ள மனித உரிமைப் பேரவையின் தீர்மானங்களும் இந்த நூலகத்தில் கிடைக்கின்றன. வாக்கெடுப்பு நடந்த தீர்மானங்களின் இறுதியிலேயே எந்த நாடு எப்படி வாக்களித்தது என்ற பட்டியல் அச்சிடப்பட்டிருக்கும். போர் முடிந்த சில நாள்களில், 2009 மே மாதச் சிறப்பு அமர்வில் இலங்கை அரசுக்குச் சாதகமாக நிறைவேறிய தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது, 2012, 2013 ஆண்டுகளில் பொறுப்புக்கூறலைக் கோரிய தீர்மானங்களை ஆதரித்தது, 2014-இல் வாக்களிப்பைத் தவிர்த்தது என்ற வரிசை முழுவதையும் மூல ஆவணங்களிலேயே காணலாம். மேடைப் பேச்சுகளிலும் கட்சிப் பிரசுரங்களிலும் இந்த ஆண்டுகள் இடம் மாறிப்போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இனி எவரும் ஐயத்தோடு விட வேண்டியதில்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதுகாப்பு அவையில் வீட்டோவால் (நிரந்தர உறுப்பு நாட்டின் மறுப்பு வாக்கால்) வீழ்ந்த வரைவுகளை வாக்குத் தரவுப் பிரிவில் தேடிப் பயனில்லை. 2023 டிசம்பர் 8, 2024 நவம்பர் 20, 2025 ஜூன் 4 ஆகிய நாள்களில் அமெரிக்கா வீட்டோ செய்த போர்நிறுத்த வரைவுகளே பின்னர் பொதுச் சபை வாக்கெடுப்புகளுக்கு வழிவிட்டன. இந்தத் தொடர்பைத் தெரிந்துகொள்ள, டாக் ஹமர்ஷோல்ட் நூலகம் தனியே பராமரிக்கும் வீட்டோ பட்டியலுக்குச் செல்ல வேண்டும். கூட்டப் பதிவுகள் உடனே வெளிவருவதில்லை என்பதால், வாக்கெடுப்பு நடந்த அன்றே பேச்சுகளை அறிய விரும்புபவர் ஐ.நா.வின் செய்திக் குறிப்பையும் நேரலைக் காணொளியையும் நம்பியிருக்க வேண்டும். வாக்கெடுப்பின்றி ஒருமித்து ஏற்கப்பட்ட தீர்மானங்களில் நாடுவாரியான விவரம் இருக்காது. ஆவணங்கள் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் ஆகிய ஆறு மொழிகளிலேயே பெரும்பாலும் கிடைப்பதால், ஆங்கிலம் நன்கு அறியாத தமிழ் வாசகர் கூட்டப் பதிவுகளைப் படிப்பது கடினம். வாக்குப் பட்டியலைப் படிக்க மட்டும் நாட்டின் பெயரையும் மூன்று எழுத்துகளையும் அறிந்திருந்தால் போதும்.

செய்தியாளர்களுக்கும், அரசியல் அறிவியல் மாணவர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், வெளியுறவு பற்றி எழுதுகிற எல்லோருக்கும் இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். புதிதாகப் பயன்படுத்துபவர்கள் காசா வாக்குகளிலிருந்தே தொடங்கலாம்: முதலில் நான்கு பக்கங்களிலும் இந்தியாவின் வரியைப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு கூட்டப் பதிவிலும் இந்தியப் பிரதிநிதியின் விளக்கத்தைப் படியுங்கள், அதன்பின் தீர்மானத்தின் முழு வாசகத்தைத் திறந்து, விளக்கத்தில் சொன்ன காரணம் வாசகத்தோடு ஒட்டுகிறதா என்று சரிபாருங்கள். அதே முறையில், இரு நாடுகள் தீர்வுக்கான நியூயார்க் பிரகடனத்தை இந்தியா உட்பட 142 நாடுகள் ஆதரித்த 2025 செப்டம்பர் 12 வாக்கெடுப்பையும் படிக்கலாம். ஜூனில் ஒதுங்கிய அரசு மூன்றே மாதங்களில் மீண்டும் ஆதரவுப் பக்கம் வந்தது அந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது.